லாரிக்கு அடியில் மியூ

போன தடவை ஜி.எஸ்.டி. பற்றி எழுதினேன். "நல்லா தூக்கம் வந்துச்சு மச்சி" என்று கடைசி பெஞ்சிலிருந்து பாராட்டு வந்தது. சரி, இந்தத் தடவை பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வரலாறு பார்ப்போம். சோழர் வரலாறு இல்லை. ஒரு புரளியின் வரலாறு. ஒரு லாரி, அதற்கு அடியில் ஒளிந்திருப்பதாகச் சொல்லப்பட்ட ரோஸ் கலர் பூனைக்குட்டி மாதிரி ஒரு ஜந்து, அதைத் தேடி உலகம் முழுக்க ராத்திரி தூக்கம் கெட்ட பிள்ளைகள்... இதுதான் விஷயம்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு பழைய பாக்கியும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஏழாவது படித்தது 2015-16-ல். ஜியோ வருவதற்கு முந்தைய வருஷம். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது (தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்). நெட் கார்டு போட்டால் ரெண்டு நாளில் காலி. அதனால் மொபைல் கடையில் மெமரி கார்டைக் கொடுத்தால் பாட்டு, படம், கேம் எல்லாம் மொத்தமாக ஏற்றித் தருவார்கள். அது முறையான வழி இல்லை என்று இப்போது தெரியும். அப்போது காப்பிரைட் என்றால் பரீட்சையில் காப்பி அடிக்கும் உரிமை என்று நினைத்திருப்பேன் :-)

அப்படி என் கைக்கு வந்ததுதான் போக்கிமான் ஃபயர்ரெட். அப்பா போனில், எமுலேட்டர் போட்டு. வகுப்பில் இன்னும் ரெண்டு மூன்று பேரிடம் அதே கேம் இருந்தது.

என் நண்பன் ஒருவனிடம் போனும் இல்லை, கேமும் இல்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே அவன் ஊர். ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். ஆனால் அவனிடம் எங்கள் யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது: கதைகள். அவன் பெரியப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. லீவுக்கு ஊருக்கு வரும்போது ரூமில் கேட்ட கதையெல்லாம் இவனிடம் சொல்லிவிட்டுப் போவான். அப்படி ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் ரெண்டு ரகசியம் சொன்னான்.

ஒன்று: "துறைமுகத்துல ஒரு லாரி நிக்கும். அத தள்ளுனா அடியில மியூ இருக்கும்."

ரெண்டு: "ஒரு பாலம் இருக்கும்ல, அதுக்குப் பக்கத்துல ஒருத்தன் நம்மளப் பாக்கற அந்த நொடியில வேற ஊருக்கு டெலிபோர்ட் ஆயிடணும். அப்புறம் வேற ஒரு பையன் வச்சிருக்கற ஸ்லோபோக்கை அடிக்கணும். திரும்பி வந்தா மியூ வரும்."

மறுவாரம் நான் வகுப்பில் தீர்ப்பு சொன்னேன். "ரெண்டையும் டெஸ்ட் பண்ணிட்டேன். ரெண்டுமே டூப்பு." எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் 'லாரி'. எட்டாவது முடிகிற வரைக்கும் அந்தப் பெயர் போகவில்லை. கொஞ்ச நாளில் அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டான்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம்.

பூச்சி பிடித்த பையன்

போக்கிமானை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. டோக்கியோவுக்கு வெளியே வளர்ந்தவர். சின்ன வயசில் பூச்சி பிடிப்பதில் பைத்தியம். நம்ம ஊரில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வளர்ப்போமே, அதே கேஸ். பிறகு வயலும் குளமும் கட்டடமாக மாற, பூச்சி போய் வீடியோ கேம் வந்தது. 1983-ல் 'கேம் ஃப்ரீக்' என்ற பெயரில் கேம் டிப்ஸ் போடும் ஒரு கையெழுத்துப் பத்திரிகையைச் சொந்தமாக நடத்தினார். அதற்குப் படம் போட வந்தவர் கென் சுகிமோரி. பின்னாளில் போக்கிமான்களை வரைந்தவரும் அவர்தான். 1989-ல் அந்தப் பத்திரிகையே கேம் தயாரிக்கும் கம்பெனியாக மாறியது. அதாவது, ரகசியங்களைச் சேகரித்து மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான் இந்த கேமையே செய்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் ஆறு வருஷ உழைப்புக்குப் பிறகு 1996 பிப்ரவரி 27-ல் போக்கிமான் ரெட், கிரீன் என்று ரெண்டு கேம்கள் ஜப்பானில் வந்தன. நின்டென்டோவின் கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியில் ஆடுவது. ரெட்டில் கிடைக்கும் சில ஜந்துகள் கிரீனில் கிடைக்காது. கிரீனில் உள்ள சில ரெட்டில் கிடைக்காது. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமானால் ஒரு வயரைப் போட்டு இன்னொருவனோடு மாற்றிக்கொள்ள வேண்டும். நண்பன் இல்லாமல் முடிக்கவே முடியாத கேம்!

மொத்தம் 150 ஜந்துகள். அப்படித்தான் அறிவித்தார்கள்.

300 பைட் காலி இடம்

ஆனால் கேசட்டுக்குள் இருந்தது 151.

அந்த 151-வதுதான் மியூ. அதை உள்ளே வைத்தவர் ஷிகெகி மொரிமோதோ என்ற புரோகிராமர். பல வருஷம் கழித்து நின்டென்டோ தலைவர் சதோரு இவாதாவுடன் நடந்த ஒரு உரையாடலில் இதை அவரே விளக்கினார். கேசட் முழுக்க நிரம்பிவிட்டது. இடமே இல்லை. கடைசியில், சோதனைக்காக வைத்திருந்த சில வசதிகளை நீக்கியபோது சுமார் 300 பைட் இடம் காலியானது. அந்த இடத்தில் மியூவைச் சொருகிவிட்டார்கள். சோதனை எல்லாம் முடிந்த பிறகு ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்பதுதான் முறை. அதை மீறிச் செய்த குறும்பு.

300 பைட் என்றால் எவ்வளவு? இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் கம்ப்யூட்டர் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ஆக மொத்தம் 100 குறியீடு. இப்போது நீங்கள் படிக்கிற இந்தப் பத்தியே அதைத் தாண்டிவிட்டது. அவ்வளவு சின்ன இடம்.

வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் எதிர்பாராத ஒரு பிழையால் சில பிள்ளைகளின் கேமில் மியூ தலைகாட்டிவிட்டது. "நான் பாத்தேன்", "நீ பொய் சொல்ற" என்று ஜப்பான் பள்ளிக்கூடங்களில் பேச்சு கிளம்பியது. உடனே 'கோரோகோரோ' என்ற சிறுவர் பத்திரிகையில் ஒரு போட்டி அறிவித்தார்கள்: 20 பேருக்கு மட்டும் மியூ தரப்படும். விண்ணப்பித்தவர்கள் சுமார் 78,000 பேர்.

நம் பாடத்தில் குட்வில் என்று ஒன்று வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. 300 பைட்டில், 20 பேருக்கு மட்டும் கொடுத்த ஒரு ஜந்துவை வைத்து அந்த கம்பெனி சம்பாதித்த குட்வில்லை எந்த பேலன்ஸ் ஷீட்டில் காட்டுவது? அந்தப் போட்டிக்குப் பிறகு, அதுவரை ஒரு மாதத்தில் விற்றது ஒரு வாரத்தில் விற்க ஆரம்பித்து, பிறகு அதுவும் மூன்று நான்கு மடங்கானது என்று அதே உரையாடலில் சொன்னார்கள்.

லாரி எங்கிருந்து வந்தது?

1998 செப்டம்பரில் அமெரிக்காவில் ரெட், ப்ளூ என்று கேம் வந்தது. அங்கே உள்ள பிள்ளைகளுக்கு மொரிமோதோவையும் தெரியாது, கோரோகோரோவையும் தெரியாது. ஆனால் மியூ என்று ஒன்று இருப்பது தெரியும். எப்படி? கேமே சொல்கிறது. சின்னபார் தீவில் எரிந்துபோன ஒரு மாளிகையில் பழைய டைரிக் குறிப்புகள் கிடக்கும். தென் அமெரிக்கக் காட்டில் புதிதாக ஒரு போக்கிமான் கிடைத்தது, அதற்கு மியூ என்று பெயர் வைத்தோம், அது ஒரு குட்டி போட்டது, குட்டியின் பெயர் மியூடூ... மியூடூவை கேமில் பிடிக்கலாம். அம்மா எங்கே? பதில் இல்லை.

இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

வெர்மிலியன் என்ற துறைமுக ஊரில் எஸ்.எஸ். ஆன் என்ற கப்பல் நிற்கும். உள்ளே போய் கேப்டனைப் பார்த்துவிட்டு இறங்கினால் கப்பல் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு துறைமுகத்துக்குள் விட மாட்டார்கள். ஆனால் கப்பல் கிளம்பாமல் பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு: கேப்டனைப் பார்த்துவிட்டு, இறங்காமல், கப்பலுக்குள்ளேயே சண்டையில் தோற்றுவிட வேண்டும். தோற்றால் நேராக ஆஸ்பத்திரியில் போய் விழுவோம். கப்பல் அங்கேயே நிற்கும். பிறகு பல மணி நேரம் விளையாடி, தண்ணீரில் நீந்தும் சர்ஃப் என்ற வித்தையைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தால், கப்பலுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி நிற்பதைப் பார்க்கலாம்.

கேம் முழுக்க வேறு எங்கும் லாரி கிடையாது. யாரும் சாதாரணமாகப் போகாத மூலையில் ஒரே ஒரு லாரி. ஏன் வைத்தார்கள்? "சும்மா வச்சிருக்காங்க" என்பதைப் பத்து வயசுப் பிள்ளை ஏற்றுக்கொள்ளாது. பாறையைத் தள்ளும் ஸ்ட்ரெங்த் என்ற வித்தையை வைத்து லாரியைத் தள்ளினால் அடியில் மியூ இருக்கும் என்று புரளி பிறந்தது.

அந்தப் பழைய கேமில் உண்மை என்ன? லாரி நகராது. அடியில் ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தப் புரளியின் பலத்தைப் பாருங்கள். பெரும்பாலோரின் கேமில் கப்பல் ஏற்கனவே போயிருக்கும். சோதிக்க வேண்டுமானால் கேமை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆட வேண்டும். அந்த அளவுக்கு யாருக்குப் பொறுமை? சோதித்துப் பார்த்து "இல்லை" என்று சொன்னவனையும் "நீ சரியா பண்ணல" என்று அடக்கிவிடலாம். பொய் என்று நிரூபிக்க அதிகச் செலவாகும் பொய்க்கு ஆயுசு கெட்டி.

நம்ப முடியாத உண்மைகள்

"இதையெல்லாமா நம்பினார்கள்?" என்று கேட்காதீர்கள். நம்பியதற்குக் காரணம் இருந்தது. இதைவிடக் கிறுக்குத்தனமான சமாச்சாரங்கள் அதே கேமில் நிஜமாகவே நடந்தன.

ஒரு ஊரில் ஒரு தாத்தா போக்கிமான் பிடிப்பது எப்படி என்று சொல்லித் தருவார். அதைப் பார்த்துவிட்டு நேராகச் சின்னபார் தீவுக்குப் போய், கிழக்குக் கரையை ஒட்டி மேலும் கீழும் நீந்தினால் உடைந்த கட்டம் மாதிரி ஒரு உருவம் சண்டைக்கு வரும். பெயர் மிஸ்ஸிங்நோ. 'காணாமல் போன எண்' என்று பொருள். அதைப் பார்த்த மாத்திரத்தில் உங்கள் பையில் ஆறாவதாக இருக்கும் பொருள் நூற்றுக்கும் மேலாகப் பெருகிவிடும்.

காரணம் எளிமையானது. தாத்தா பாடம் எடுக்கும்போது திரையில் உங்கள் பெயருக்குப் பதிலாக அவர் பெயர் வர வேண்டும். அதனால் உங்கள் பெயரைத் தற்காலிகமாக வேறொரு இடத்தில் கேம் எழுதி வைக்கிறது. அந்த இடம், காட்டு ஜந்துகளின் பட்டியல் இருக்க வேண்டிய இடம். சாதாரணமாகக் காட்டு ஜந்துகள் உள்ள அடுத்த இடத்துக்குப் போனதும் புதுப் பட்டியல் அதன் மேல் எழுதப்படும். அந்தக் கரையில் எழுதப்படுவதில்லை. ஆகவே உங்கள் பெயரின் எழுத்துகளையே ஜந்துகளின் எண்ணாக நினைத்து கேம் வாசித்துவிடுகிறது. பெயரைப் பொறுத்து வரும் ஜந்துவும் மாறும். இது இவ்வளவு பரவி, 1999-ல் நின்டென்டோ தன் பத்திரிகையிலேயே எச்சரிக்கை போட வேண்டி வந்தது.

இது உண்மை என்றால் லாரி ஏன் உண்மையாக இருக்கக்கூடாது?

பாதி உண்மைகளும் உண்டு. 'பிக்காப்ளூ' என்று நீலக் கலரில் ஒரு பிக்காச்சு கேமில் ஒளிந்திருக்கிறது என்று ஒரு புரளி. 1998-ல் ஜப்பானில் வந்த போக்கிமான் குறும்படத்தில் நிஜமாகவே ஒரு நீல எலி இருந்தது. அது பிக்காச்சு இல்லை, மாரில் என்ற வேறு ஜந்து. அடுத்து வரப்போகும் கேமுக்கான முன்னோட்டம். 1999 நவம்பரில் கோல்டு, சில்வர் வந்தபோது அதில் மாரில் இருந்தது. ஜந்து நிஜம், பெயர் தப்பு, இடம் தப்பு. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். சரிதான். ஆனால் புகை வருகிற இடத்திலேயே நெருப்பு இருக்கும் என்று கட்டாயமில்லை.

ஸ்லோபோக்கும் சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டும்

லாரிக் கதை ஓய்ந்துபோன பிறகு, 2003-ல் இணையத்தில் ஒரு விஷயம் வெளியானது. ரெட், ப்ளூ, யெல்லோ மூன்றிலும் மியூவைப் பிடிக்க முடியும். எந்தக் கருவியும் வேண்டாம்.

கேமில் வழியில் நிற்கும் ஆட்கள் உங்களைப் பார்த்துவிட்டால் சண்டைக்கு வருவார்கள். நகெட் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவன், நீங்கள் திரையில் நுழைந்ததுமே பார்க்கிற தூரத்தில் இருக்கிறான். அவன் பார்க்கும் அந்த நொடியில் மெனுவைத் திறந்து, ஆப்ரா என்ற ஜந்துவின் டெலிபோர்ட் வித்தையால் வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். கேம் குழம்பிவிடும். 'ஒரு சண்டை பாக்கி' என்று குறித்து வைத்துக்கொள்ளும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டு வைப்போமே, அது மாதிரி :-)

பிறகு பாலத்தைத் தாண்டி அடுத்த ரோட்டில் நிற்கும் ஒரு பையனோடு சண்டை போட வேண்டும். அவனிடம் ஒரு ஸ்லோபோக் இருக்கும். அதை ஜெயித்துவிட்டு, மறுபடி டெலிபோர்ட் ஆகி, பாலம் இருக்கும் ரோட்டுக்குத் திரும்பி வந்தால் மெனு தானாகத் திறக்கும். மூடினால் பாக்கி இருந்த சண்டை தொடங்கும். யாரோடு? கடைசியாக மோதிய எதிரி ஜந்துவின் 'ஸ்பெஷல்' என்ற பலம் எந்த எண்ணோ, அந்த எண்ணுக்குரிய ஜந்துவோடு. அந்த ஸ்லோபோக்கின் ஸ்பெஷல் 21. கேமின் உள்கணக்கில் மியூவின் எண்ணும் 21.

மியூ வரும். லெவல் 7. பந்தை எறிந்து பிடித்துக்கொள்ளலாம்.

இதைப் படித்தபோது நான் பி.காம். ரெண்டாம் வருஷம். கையில் டீ கிளாஸ். மேலே என் நண்பன் சொன்ன ரெண்டாவது ரகசியத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஸ்லோபோக் உள்பட அத்தனையும் சரி.

நான் ஏன் தோற்றேன்? நான் ஆடியது ஃபயர்ரெட். பழைய கதையை வைத்துப் புதிய கருவிக்காக மறுபடி செய்து 2004-ல் வெளியிட்டது. ஊர், பாலம், கப்பல் எல்லாம் அதேதான். உள்ளே இருக்கும் புரோகிராம் வேறு. பழைய பிழை அதில் இல்லை. அவன் சொன்னது உண்மை, வேறொரு கேமில்.

யார் சொன்னால் நம்புவோம்?

இங்கே ஒரு இருட்டுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

1997 டிசம்பர் 16 மாலை, ஜப்பான் டிவியில் போக்கிமான் கார்ட்டூனின் ஒரு பகுதி ஓடியது. அதில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாறி மாறி மின்னும் ஒரு காட்சி. பார்த்த பிள்ளைகளுக்குத் தலைச்சுற்றல், வாந்தி, சிலருக்கு வலிப்பு. 685 பேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கார்ட்டூன் நாலு மாசம் நிறுத்தப்பட்டது. 2001-ல் இதை ஆராய்ந்து எழுதிய ரெண்டு பேர், நிஜமான ஒளி வலிப்பு உள்ளவர்கள் அதில் சிறு பகுதிதான், மற்றவர்களுக்கு வந்தது பயம் பரவியதால் வந்த உபாதை என்றார்கள். அன்று அந்தக் காட்சிக்குப் பெயர் கெட்டது போரிகான் என்ற ஜந்துவுக்கு. ஆனால் மின்னலை அடித்தது பிக்காச்சு. பிக்காச்சு ஸ்டார். போரிகான் துணை நடிகர். யார் மேல் பழி போகும் என்று சொல்ல வேண்டுமா?

இது நிஜம். இதற்குப் பல வருஷம் கழித்து, 2010 வாக்கில், இணையத்தில் ஒரு கதை கிளம்பியது. முதல் கேமில் லாவண்டர் டவுன் என்ற ஊரின் இசையைக் கேட்டு 1996-ல் ஜப்பானில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உயிரிழந்தார்கள் என்று. எண்ணிக்கை, ஒலி அதிர்வு விளக்கம், 'மறைக்கப்பட்ட அறிக்கை' எல்லாம் சேர்த்து. முழுப் பொய். அப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை. ஆனால் இன்றுவரை அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். காரணம், அது அறிக்கை மாதிரிப் பேசுகிறது.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிக்கை தோரணையில் வந்த பொய்யை நம்பினோம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன் சொன்ன உண்மையை நம்பவில்லை. அறிவுடைமை அதிகாரத்தில் யார் சொன்னார் என்று பார்க்காதே, சொன்னது மெய்யா என்று பார் என்னும் பொருளில் ஒரு குறள் உண்டு. அதை எழுதி மார்க் வாங்கிய அதே வகுப்பில்தான் இது நடந்தது.

அவன் அப்போது இன்னொரு கதையும் சொல்லுவான், அவன் பாட்டி சொன்னது. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் மலைக்கு வந்தார்கள், ஆளுக்கொரு மலையில் தங்கிவிட்டார்கள், அவர்கள் வம்சம்தான் மலையில் இருக்கும் மலையாளிகள் என்று. (கேரளாக்காரர் இல்லை. மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் இங்கே ஒரு பழங்குடியின் பெயர்.) "இதுவும் லாரிக்கு அடியில இருந்துச்சா?" என்று கேட்டுச் சிரித்தோம். 1909-ல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளாக வெளியிட்ட புத்தகத்தில், காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் கதை அச்சில் இருக்கிறது. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து போனதாக. வெள்ளைக்கார அதிகாரி எழுதினால் ஆவணம். பாட்டி சொன்னால் ரீல். கதை ஒன்றுதான்.

பழைய பாக்கி

இந்தப் பொங்கல் லீவில் கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து வெள்ளிமலை போனேன். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறும்போது என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவன் இப்போது அப்பாவோடு மரவள்ளி போடுகிறான், தபாலில் டிகிரியும் படிக்கிறான். டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"டேய், அந்த மியூ மேட்டர். ஸ்லோபோக்கு. நீ சொன்னது நெஜம்தான்டா. வேற கேம்ல நடக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்தான். ஞாபகம் வந்து சிரித்தான். "எனக்கென்னடா தெரியும். எங்க அண்ணன் சொன்னத சொன்னேன். அவனும் ஆடுனதில்ல. ரூம்ல யாரோ சொன்னாங்களாம்."

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டும். "பாலத்த நான் ரெண்டு தடவ பாத்தேன். லாரிய பாக்கவே இல்லடா. பாத்தேன்னு சும்மா சொன்னேன்."

ஆமாம். என் கேமில் கப்பல் எப்போதோ கிளம்பிப் போயிருந்தது. முதலிலிருந்து ஆட எனக்குப் பொறுமை இல்லை. வகுப்பு முன்னால் "டெஸ்ட் பண்ணிட்டேன்" என்று சொன்னபோது, நான் அந்த லாரியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. வவுச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் நான். அன்று அந்த வகுப்பில் தெரிந்தே பொய் சொன்னது ஒரே ஒரு ஆள்தான். பட்டப்பெயர் வேறொருவனுக்குப் போனது.

அவன் டீயைக் குடித்துவிட்டு, "அது எனக்கு அப்பவே தெரியும்டா" என்றான். "கப்பல் போயிடுச்சுன்னு அதுக்கு முந்தின வாரம் நீதான சொன்ன."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. போன் வைத்திருந்தவன் நான். ஊர்க்காரன் நான். அவன் மலையிலிருந்து வந்த ஹாஸ்டல் பையன். நான் காட்டிய ஆதாரம் பூஜ்யம், ஆனால் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "விடுடா" என்றான். டீக்குக் காசு அவனே கொடுத்தான். அடுத்த லீவில் வரச் சொல்லியிருக்கிறான்.

அன்று என்னோடு சேர்ந்து சிரித்தவர்களில் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். அடுத்த தடவை அவனைப் பார்த்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

கொசுறு: ஃபயர்ரெட்டிலும் அந்த லாரி இருக்கிறது. கேமைச் செய்தவர்களின் காதுக்கும் புரளி எட்டியிருக்க வேண்டும். லாரிக்குப் பக்கத்தில் ஒரு லாவா குக்கீயை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பிஸ்கட். நான் மட்டும் நிஜமாகவே போய்ப் பார்த்திருந்தால், "மியூ இல்லடா, ஆனா நீ சொன்ன எடத்துல என்னமோ இருக்கு" என்று அவனிடம் வந்து சொல்லியிருப்பேன்.